மாம்பழ ஆவி

என் தங்கையின் கணவருக்கு இடது கை ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு புண் வந்தது. மிளகு அளவுதான். கட்டிங் மாஸ்டரின் விரலில் காயம் என்றால் பனியன் கம்பெனியில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அடுக்கி வைத்த துணியை அறுக்கிற கத்தி நாள் முழுக்க ஓடும் மேசை அது. கீறல் படாத கை அங்கே ஏது? தங்கை மஞ்சளைக் குழைத்து வைத்தாள், தேங்காயெண்ணெய் தடவினாள். புண் ஆறவில்லை. விரல் மட்டும் ஐஸ் கட்டியைப் பிடித்ததுபோலக் குளிர்ந்து கிடந்தது. சில சமயம் நீலம் பாரித்தது. வலி வந்தால் மனிதர் விரலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

அவரை நான் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். ஒரே கம்பெனியில் அவர் கட்டிங் மாஸ்டர், நான் அயர்ன், பேக்கிங் பகுதியைப் பார்த்துக்கொள்கிறவன். பொங்கலூர்ப் பக்கமிருந்து ஒரே கம்பெனி வண்டியில் போய் ஒரே வண்டியில் திரும்புகிறவர்கள். நாற்பதைத் தாண்டிக் கொஞ்சம்தான் ஆகியிருந்தது அவருக்கு. மீசை முளைக்கும்போதே பீடி; கல்யாணத்துக்குப் பிறகு, மாமனார் வீட்டு மரியாதைக்காக என்று சொல்லிக்கொண்டு, சிகரெட்டுக்கு மாறினார். அதைச் சொல்லித் தங்கை கேலி செய்வாள்: "எங்கப்பாவுக்கு மரியாதை பண்றேன்னு இவரு நெஞ்சக் கருக்கிக்கிட்டாருங்கண்ணா."

கோயமுத்தூரில் ரத்தக் குழாய் மருத்துவர் ஒருவரிடம் போனோம். மூன்று பேரும்தான் உள்ளே உட்கார்ந்திருந்தோம். அவர் விரலைப் பார்த்தார், மணிக்கட்டில் நாடியைத் தேடினார், ஸ்கேன் படம் எடுத்துவரச் சொல்லிப் பார்த்தார். பிறகு சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"இது கத்தி பட்ட காயம் இல்லீங்க. உங்க விரலுக்குப் போற ரத்தக் குழாய் வீங்கி அடைச்சுக்குது. புகையிலையால வர்ற சீக்கு. இன்னியோட நிறுத்துனீங்கன்னா விரல் உங்களோடது. நிறுத்தலீன்னா ஒரு நாள் நானே எடுக்க வேண்டி வரும்."

"கொறைச்சுக்கிட்டா போதுங்களா?"

"கொறைக்கறதெல்லாம் இதுல கணக்கு இல்லீங்க. ஒண்ணுகூட ஆகாது."

வெளியே வந்ததும் தங்கை சட்டைப் பையைக் காட்டி, "அந்தக் கருமத்த இங்கியே போட்டுட்டு வாங்க" என்றாள். மாப்பிள்ளை மறுபேச்சுப் பேசாமல் பாக்கெட்டைக் குப்பைத் தொட்டியில் போட்டார். லைட்டரை வாசலில் நின்ற ஆட்டோக்காரர் ஒருவரிடம் நீட்டினார். பஸ்ஸில் வரும்போது, பல்லடம் தாண்டும் வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தவர் சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

"மச்சான், நீங்க டீயோட பன்னு திங்கறத உடுங்க. நான் இத உடறேன். பந்தயமா?"

"எனக்குப் பன்னால வெரலு போகாதுங்க மாப்ள."

"வயிறு முன்னால போயிருச்சே, பாக்கலீங்களா!"

தங்கை சிரித்தாள். அன்றைக்கு எங்களுக்கு நம்பிக்கை இருந்தது.

கம்பெனிக்குள்ளே ஒரு தீக்குச்சிகூட வரக் கூடாது. எங்கே பார்த்தாலும் பஞ்சுத் தூசு, துணி, அட்டைப் பெட்டி. கேட்டில் செக்யூரிட்டி லைட்டரை வாங்கி டப்பாவில் போட்டுவிடுவார். அதனால் புகைக்கிறவர்கள் எல்லாரும் காலை டீக்கும் மாலை டீக்கும் கேட்டுக்கு வெளியே, டீக்கடை அக்காவின் தகரக் கொட்டகைக்கு வந்து சேர்வார்கள். புகைக்காத நானும் அங்கேதான் நிற்பேன், நாயம் கேட்க; எங்கள் பக்கம் பேச்சுக்கு நாயம் என்றுதான் பெயர். துணி ஓரம் அடிக்கிற திருநெல்வேலிப் பக்கத்து ஓவர்லாக் டெய்லர், பீகாரிலிருந்து வந்த துணி விரிக்கிற ஆள், செக்யூரிட்டி, லாரி டிரைவர் என்று எல்லாரும் வாயில் ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டு ஊர் உலகத்தைப் பேசுவார்கள். "வீட்ல பேச முடியாததப் பேசத்தான் இங்க வாரோம் அண்ணாச்சி. இது சும்மா டிக்கெட்டு" என்று அந்த ஓவர்லாக் டெய்லர் சிகரெட்டைத் தூக்கிக் காட்டியது எனக்கு இன்றும் ஞாபகத்தில் இருக்கிறது. படிப்பு எனக்கு எட்டாவதோடு சரி. மிச்சமெல்லாம் இந்த மாதிரி நின்று கேட்டதுதான்.

மாப்பிள்ளை முதல் வாரங்களில் டிக்கெட் இல்லாமலே வந்தார். வாயில் ஏலக்காய். காற்று வரும் பக்கமாகப் பார்த்து நிற்பார், புகை தன்மேல் படக் கூடாது என்று. கேலி சும்மா இருக்குமா?

"மாஸ்டருக்கு ஏலக்கா வாடை! கட்டிங் செக்ஷன்ல பாயசம் வெக்கறீங்களா?"

"பாயசம் இல்லீங்க, பால் பாயசம்" என்பார் மாப்பிள்ளை. முகம் சிரிக்கும், கை காலிச் சட்டைப் பையைத் தடவும்.

விரல் மருந்துக்குக் கேட்டது. புண்ணின் ஓரம் காய்ந்து உள்வாங்கியது. நீலம் குறைந்தது. நாங்கள் வண்டியில் ஏறும் இடத்துக்கே தங்கை வந்து என்னிடம் அவர் கையைப் பிடித்துக் காட்டினாள். "பாருங்கண்ணா, சூடு வந்திருக்குது." நானும் தொட்டுப் பார்த்தேன். உண்மையிலேயே சூடு இருந்தது. மருந்து பாதி, மனிதரின் பிடிவாதம் பாதி. அவர் சிகரெட்டை விட்டுவிட்டார். கஷ்டமான காரியத்தை அவர் செய்து முடித்துவிட்டார்.

ஆனால் உள்ளே அடங்கவில்லை. துணி விரிக்கிற ஆள்மேல் எரிந்து விழுந்தார். சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு எழுந்துபோனார். ஒரு நாள் வண்டியில் மெதுவாகச் சொன்னார்: "நெஞ்சுக்குள்ள ஒருத்தன் நின்னு கதவத் தட்டீட்டே இருக்கறானுங்க மச்சான். தெறக்க மாட்டேன்னு தெரிஞ்சும் தட்டறான்."

அதற்குப் பிறகு ஒரு மத்தியானம், அளவுப் பிரச்சினை ஒன்றைக் கேட்கக் கட்டிங் பகுதிக்குப் போனேன். துணி ரோல்களை அடுக்கி வைத்த ராக்குகளுக்கு இடையே மாம்பழ வாசனை. தை மாதம் அது. வாசனை போன வழியே போனேன். கடைசி ராக்குக்குப் பின்னால் மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார்.

"என்னுங்க மாப்ள, தை மாசத்துல மாம்பழம்?"

முதலில் திடுக்கிட்டார். நான்தான் என்று தெரிந்ததும் சிரித்துவிட்டு உள்ளங்கையைத் திறந்தார். மஞ்சள் பிளாஸ்டிக்கில், புத்தகத்தில் கோடு போடுகிற கலர் பேனாவைப் போல ஒரு சாமான். நுனியில் உறிஞ்ச ஒரு துளை. உறிஞ்சினால் மறுமுனையில் சின்னதாக நீல விளக்கு எரிந்தது.

"ஆர்டர் பாக்கற மெர்ச்சன்டைசர் தம்பி டவுன்ல கட காட்டி வாங்கிக் குடுத்தாருங்க. நெருப்பில்ல, சாம்பலில்ல, பொகையுமில்ல. வெறும் ஆவிங்க மச்சான். உங்க டேபிள்ல நாளெல்லாம் வருதே, அதே ஆவிதான். நீங்க இத்தன வருசமா அத மோந்துக்கிட்டு நல்லாத்தான இருக்கறீங்க?"

எங்கள் பகுதியில் நீராவி இஸ்திரிப் பெட்டிகள் காலையில் சீற ஆரம்பித்தால் பொழுது சாயும்வரை வெள்ளையாக ஆவி எழும்பிக்கொண்டே இருக்கும். சளி பிடித்தவர்கள் வேண்டுமென்றே அந்த மேசைக்குப் பக்கத்தில் வந்து நிற்பார்கள். எங்களைப் பொறுத்தவரை புகை என்றால் கெட்டது, ஆவி என்றால் சுத்தம். வேறு ஊரில், வேறு தொழிலில் இருக்கிறவன் ஒருவேளை சந்தேகப்பட்டிருப்பான். நாங்கள் ஆவியிலேயே வாழ்கிறவர்கள்.

இருந்தாலும் கேட்டேன். டீக்கடைப் பேப்பரில் மின்சிகரெட் பற்றி எப்போதோ படித்தது. "இதுலயும் நிக்கோட்டின் இருக்கும்னு போட்டிருந்தாங்களே மாப்ள?"

"கடக்காரன் அதெல்லாம் ஒண்ணுமில்லங்கறானுங்க. வெறும் ஃபிளேவராமா."

"டப்பாவுல என்ன எழுதியிருக்குது?"

டப்பாவே இல்லை. டவுனில் செல்போன் கவர் விற்கிற கடையில், ஒரு போன் கவர் உறைக்குள் சொருகித் தந்தார்களாம். பெயர் சொல்லிக் கேட்கக் கூடாதாம். பழத்தின் பெயரைச் சொன்னால் எடுத்துக் கொடுப்பார்களாம்.

"கோயமுத்தூர் டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுப்போடுங்க."

"என்னன்னுங்க கேக்கறது? நாட்டுலயே விக்கக் கூடாதாமா இது. நானே போயி வாயக் குடுத்து மாட்டிக்கோணுமா? வெச்சிருந்தாலே புடிச்சுட்டுப் போயிருவாங்களாமா."

"யாருங்க சொன்னது?"

"எல்லாருந்தான்."

பெட்டிக்கடையில் தொங்குகிற சிகரெட் பாக்கெட்டில்கூடப் புண் பிடித்த வாயின் படம் போட்டிருக்கிறது. பார்த்தால் பயமாவது வரும். இந்த மஞ்சள் சாமானில் ஒரு எழுத்து இல்லை, ஒரு படம் இல்லை. விற்கக் கூடாது என்று ஆகிவிட்ட பொருளுக்கு எச்சரிக்கை எழுதுவது யார்? உள்ளே எவ்வளவு இருக்கிறது, என்ன இருக்கிறது என்று யாரிடம் கேட்பது? சட்டம் நல்லதுக்குத்தான் போட்டார்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் எங்கள் மாப்பிள்ளைக்கு அது செய்த வேலை ஒன்றுதான்: சொல்ல வேண்டிய ஒரே ஆளிடம் சொல்ல விடாமல் வாயைக் கட்டிவிட்டது.

அடுத்த தடவை கோயமுத்தூருக்குத் தங்கை மட்டும்தான் கூடப் போனாள். நடந்ததை அவளே எனக்குச் சொன்னாள். "பீடி, சிகரெட் ஏதாச்சும் தொட்டீங்களா?" என்று மருத்துவர் கேட்டாராம். "ஒண்ணுகூட இல்லீங்க, எங்க கொலசாமி சத்தியமா" என்றாராம் இவர். மருத்துவர் தோளில் தட்டிக் கொடுத்தாராம். புண் ஆறுவது ஏன் நின்றுபோனது என்று யோசித்து மாத்திரையை மாற்றி எழுதினாராம். அவர் கேட்டதும் சரி, இவர் சொன்னதும் சரி. அன்றைக்குச் சாயங்காலம் என் தங்கை பாசிப்பருப்புப் பாயசம் வைத்து எங்கள் வீட்டுக்கும் ஒரு தூக்குவாளியில் கொடுத்துவிட்டாள்.

அவளுக்கு அந்தச் சாமான் இருப்பதே தெரியாது; வெறும் ஆவிதானே என்று நானும் சொல்லாமல் இருந்துவிட்டேன். சட்டையில் மாம்பழ வாசனை வருகிறதே என்று கேட்டபோது, "மாங்கா மிட்டாய் போட்டுக்கறேன் அம்மணி, சிகரெட்டு நெனப்பு வராம இருக்க" என்றிருக்கிறார். அவள் சந்தைக்குப் போகும்போதெல்லாம் மாங்காய் மிட்டாய்ப் பாக்கெட் வாங்கி, மதியச் சாப்பாட்டுப் பையில் டிபனுக்குப் பக்கத்தில் வைத்து அனுப்ப ஆரம்பித்தாள். மாப்பிள்ளை அதை அப்படியே கட்டிங் பகுதிப் பெண்களுக்குக் கொடுத்துவிடுவார். "எங்க மாஸ்டரு தங்கமானவரு" என்று அந்தப் பெண்கள் வாயில் மிட்டாயோடு சொல்வதை நானே கேட்டிருக்கிறேன்.

சிகரெட் என்றால் ஒரு முடிவு உண்டு. விரலைச் சுடும் நேரத்தில் கீழே போட்டு மிதித்துவிட்டு வேலைக்குத் திரும்பித்தான் ஆக வேண்டும். இதற்கு முடிவே கிடையாது. பாக்கெட்டிலிருந்து எடுத்து ஒரு இழுப்பு, உள்ளே போட்டு இரண்டு அடி நடந்து, மறுபடி ஒரு இழுப்பு. ராக்குக்குப் பின்னால், கழிப்பறையில், மாடிப்படி திரும்பும் இடத்தில். நெருப்பு இல்லாததால் கேட்டுக்கு வெளியே வர வேண்டிய அவசியமும் இல்லை. டீக்கடைப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார். ஒரு நாள் டீக்கடை அக்கா கண்ணாடி டம்ளரைக் கழுவிக்கொண்டே கேட்டார்:

"ஏனுங்க, உங்க மாப்ள சிகரெட்டுக் குடிக்கறத உட்டாரா, நாயம் பேசறத உட்டாரா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

இந்தச் சமயத்தில்தான் மாப்பிள்ளை இரும்புக் கையுறை போட ஆரம்பித்தார். கட்டிங் மேசையில் வலது கை கத்தி மெஷினைத் தள்ளும், இடது கை துணியை அணைத்துப் பிடிக்கும். அந்த இடது கைக்குக் கம்பியைச் சின்னச் சின்ன வளையமாகப் பின்னிய கையுறை ஒன்று உண்டு. போட வேண்டும் என்பது விதி. ஆனால் கனமாக இருக்கும், வேர்க்கும், துணியின் நெளிவு விரலுக்குத் தெரியாது என்று எந்த மாஸ்டரும் போட மாட்டார். துணி வாங்குகிற வெளிநாட்டுப் பையர் தரப்பிலிருந்து ஆடிட்டுக்கு ஆள் வருகிற அன்று மட்டும் ஆணியிலிருந்து கையுறைகள் இறங்கும். அவர் வண்டி கேட்டைத் தாண்டியதும் ஆணிக்கே திரும்பிவிடும். எங்கள் ஊரில் அது ஊரறிந்த ரகசியம்.

மாப்பிள்ளையோ தினமும் போட்டார். காலையில் வந்ததும் மாட்டினால் சாயங்காலம்தான் கழற்றுவார். டீ வந்தால்கூட மற்றக் கையால் குடிப்பார்.

"என்னுங்கண்ணா, சண்டைக்குக் கெளம்பீட்டீங்களா? குதிரை எங்க?" என்று பெண்கள் கேட்டார்கள்.

"குதிரைக்குத் தீவனம் போடறாங்க, வந்துரும்" என்றார்.

தொழிலாளர் பாதுகாப்பைக் கவனிக்கிற கம்ப்ளையன்ஸ் ஆபீசர் பார்த்துப் பூரித்துப்போனார். எத்தனை வருடம் தொண்டை வறளக் கத்தியும் யாரும் கேட்காததை ஒருவர் தானாகவே செய்கிறாரே! போட்டோ எடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். இரும்புக் கையோடு மாப்பிள்ளை சிரித்துக்கொண்டு நிற்கிற படம். கீழே "இவரைப் பின்பற்றுவோம்". நான் அந்தப் படத்தைச் செல்போனில் எடுத்துத் தங்கைக்கு அனுப்பினேன். அவள் ஒறம்பறை, சொந்தக்காரர் குரூப்பில் எல்லாம் போட்டாள். விரல் விஷயத்தில் இப்போது மனிதருக்கு அக்கறை வந்துவிட்டது என்றுதான் எங்கள் எல்லாருக்கும் நினைப்பு.

பங்குனி வாக்கில் குழந்தை உடுப்பு ஆர்டர் ஒன்று ஓடியது. பிறந்த குழந்தைக்குப் போடுகிற மெல்லிய வெள்ளைத் துணி. தைத்து எங்களுக்கு வந்த பீஸ்களில் சிலவற்றைக் குறை பார்க்கிற செக்கிங் அம்மணி ஒருத்தி தனியாக எடுத்து வைத்திருந்தாள். "அண்ணா, இது எண்ணெய்க் கறை இல்லீங்க. கழுவுனாலும் மஞ்சளா நிக்குது." எல்லாமே ஒரே பாகத்தில், இடது தோள் பக்கம், சின்ன மஞ்சள் கறை. ஒன்றில் மட்டும் ஓரம் லேசாகச் சிவந்திருந்தது. தையலில் வந்தால் கறை இடம் மாறும். ஒரே இடத்தில் வருகிறது என்றால் அறுக்கும்போதே வந்தது. நான் பீஸ்களை எடுத்துக்கொண்டு கட்டிங் பகுதிக்குப் போனேன்.

"மாப்ள, கையுறையில ஏதாச்சும் ஒழுகுதா பாருங்க."

அவர் பீஸைப் பார்த்தார். கத்தியை நிறுத்தினார்.

"சித்த அக்கட்டால வாங்க மச்சான்."

ராக்குக்குப் பின்னால் போய்க் கையுறையைக் கழற்றினார். உள்ளே ஆள்காட்டி விரலைச் சுற்றி வெட்டுத்துணியை இறுக்கிச் சுற்றியிருந்தார். அது ஊறிப்போயிருந்தது. பிரித்தார். நுனி கரிக்கட்டையாக இருந்தது. நகம் இல்லை. கறுப்பு நடுக்கணுவை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.

"எப்ப இருந்துங்க?"

"கொஞ்ச நாளாவே. ஆறீரும்னு நெனச்சனுங்க. சிகரெட்டத்தான் உட்டுட்டனே, எதுக்கு ஆறாம இருக்குது?"

கேட்டுவிட்டு என்னையே பார்த்தார். உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை. குழந்தைபோல நின்றார். தங்கையிடம் எப்படி மறைத்தீர்கள் என்று கேட்டேன். வீட்டில் துணி சுற்றி வைத்து, கத்தி பட்டுவிட்டது, கம்பெனி நர்ஸ் கட்டுப் போட்டிருக்கிறார், பிரிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். வண்டியில் அந்தக் கையைப் பாக்கெட்டிலேயே வைத்திருந்தது ஏன் என்று எனக்கு இப்போதுதான் புரிந்தது. கோயமுத்தூருக்குப் போக வேண்டிய தேதியை, ஆர்டர் அவசரம் என்று தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார். வலிக்கும்போதெல்லாம் ராக்குக்குப் பின்னால் வந்து மாம்பழத்தை இழுத்திருக்கிறார். வலி மறக்க.

அன்றைக்கே மேனேஜரிடம் சொல்லிவிட்டு வாடகைக் கார் பிடித்தோம். வழியில் தங்கையையும் ஏற்றிக்கொண்டோம். கட்டைப் பிரித்து அவளுக்குக் காட்டவேண்டிய தேவை இல்லாமல் போனது. காருக்குள் அந்த வாடையே சொல்லிவிட்டது. அவள் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சூலூர் தாண்டியும் விடவில்லை.

மருத்துவர் விரலைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "மறுபடி ஆரம்பிச்சுட்டீங்களா?"

"இல்லீங்க சாமி. ஒண்ணுகூட இல்லீங்க."

"உண்மையச் சொல்லுங்க."

"அவரு சிகரெட்டுக் குடிக்கலீங்க சார், நாந்தான் தெனமும் பாக்கறேனே. மாங்கா மிட்டாய்தான் திங்கறாரு" என்றாள் தங்கை, அழுகையும் ஆத்திரமுமாக.

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் பேண்ட் பாக்கெட்டிலிருந்து அந்த மஞ்சள் சாமானை எடுத்து மேசைமேல் வைத்தார். மாம்பழ வாசனை அறைக்குள் பரவியது. தங்கை அதையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மருத்துவர் அதைக் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, மெல்ல மேசைமேல் வைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தோம். அவர் குரல் தணிந்துதான் போனது.

"இதுல என்ன இருக்குதுன்னு எனக்கே தெரியாதுங்க, எதுவும் எழுதல பாருங்க. ஆனா இப்படி உடாம இழுக்க வைக்குதுன்னா, நிக்கோட்டின் இல்லாம இருக்காது. பொகையா வந்தா என்ன, ஆவியா வந்தா என்ன, உங்க ரத்தக் குழாய்க்கு ரெண்டும் ஒண்ணுதான். ஏங்க, அன்னிக்கே இத எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"விக்கக் கூடாதுன்னு சட்டமிருக்குதுங்களே. போலீஸ்ல சொல்லிருவீங்களோன்னு…"

"நான் என்ன போலீசுங்களா? என்கிட்ட வந்து யாரு என்ன சொன்னாலும் அது இந்த ரூமோட சரி. உங்களப் புடிச்சுக் குடுக்கறது என் வேலை இல்லீங்க, உங்க வெரலப் புடிச்சு வெக்கறதுதான் என் வேலை." விரலைத் துணியால் மூடிவிட்டு, "இப்ப வெரலு நம்ம கையில இல்லீங்க. கையக் காப்பாத்தலாம்" என்றார்.

தங்கை அந்தச் சாமானை எடுத்து மூக்குக்குக் கொண்டுபோய் முகர்ந்தாள். அப்புறம் தாழ்ந்த குரலில், "நான் வாங்கிக் குடுத்த மிட்டாயெல்லாம் எங்கீங்க போச்சு?" என்று கேட்டாள். திட்டியிருந்தால் மாப்பிள்ளை தாங்கியிருப்பார். இந்தக் கேள்விக்கு அவர் குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை.

ஆள்காட்டி விரலை அடிக்கணுவுக்குச் சற்று மேலே எடுத்தார்கள்.

மெர்ச்சன்டைசர் தம்பி ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார். நல்ல மனிதர், அவர்மேல் எனக்குக் கோபமில்லை. வார்டுக்குள் வரத் தயங்கி வெளியே நின்றார். "நானும் அதேதானண்ணா யூஸ் பண்றேன், எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்குச் சமாதானம் சொல்கிறாரா, தனக்கே சொல்லிக்கொள்கிறாரா தெரியவில்லை. பேசும்போது அவர் கை பாக்கெட்டுக்குப் போவதும் வருவதுமாக இருந்தது.

கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை டவுனில் அந்த செல்போன் கவர் கடைக்கே போனேன். சின்னக் கடை. சுவரெல்லாம் கவர்கள். கல்லாவில் இருந்தவருக்கு என் வயதுதான் இருக்கும், நெற்றியில் திருநீறு. அந்த மஞ்சள் சாமானின் படத்தைப் போனில் காட்டினேன்.

"இதுல நிக்கோட்டினே இல்லைன்னு சொல்லி வித்தீங்களாமே?"

அவர் படத்தைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. "இதெல்லாம் தடை பண்ணின ஐட்டமாச்சுங்களே. நாங்க வெக்கறதே இல்லீங்க."

"எங்க மாப்பிள்ளைக்கு வெரலு போயிருச்சுங்க."

அவர் முகம் ஒரு கணம் மாறியது. பிறகு பழையபடி ஆகிவிட்டது. "ஐயோ பாவம். ஆனா நம்ம கடையில இல்லீங்க. உங்க போனுக்கு டெம்பர் கிளாஸ் வேணுங்களா?"

விற்காத பொருளை விற்றாய் என்று யாரைப் பிடித்து உலுக்குவது? பில் இல்லை, டப்பா இல்லை, பெயர்கூட இல்லை. திரும்பி வந்து பஸ் ஸ்டாப்பில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். தீயை மூட்டாதே என்று எங்கள் கம்பெனியில் எத்தனை இடத்தில் எழுதி வைத்திருக்கிறோம். இதற்கு ஒரு வரி எழுதி வைக்க எங்குமே ஒரு சுவர் இல்லாமல் போயிற்று. அந்தத் தை மாத மத்தியானத்தில், பயந்துகொண்டாவது அவர் ஒரு தடவை வாயைத் திறந்திருந்தால்! "ஆவின்னு சொல்றாங்க, இழுக்கலாமுங்களா?" அவ்வளவுதான் கேட்க வேண்டியிருந்தது. விரல் சூடாக இருந்த நாட்கள் அவை.

வைகாசியில் மாப்பிள்ளை வேலைக்குத் திரும்பினார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு மாம்பழமும் இல்லை, வேறு எதுவும் இல்லை. கத்தி வேண்டாம், துணி விரிப்பதை மேற்பார்வை பார்த்தால் போதும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். நானும் அவரும் வண்டியிலிருந்து இறங்கி, உள்ளே போகிற வழியில் வருகைப் பதிவு மெஷின் முன்னால் வரிசையில் நின்றோம். விரலைக் கண்ணாடியில் வைத்தால் பதிவாகும். விரலில் துணி சுற்றியிருந்த நாட்களில் அவர் செக்யூரிட்டியின் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாராம். அவருடைய முறை வந்தது. இடது கையைத் தூக்கினார். பழக்கத்தில் தூக்கியது, பாதி வழியில் நின்றுவிட்டது.

அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, "அண்ணா, உங்களுக்கு லெஃப்ட் ஹேண்ட் ஆள்காட்டி விரல்தான் பதிஞ்சிருக்குது, அத வைங்க" என்றாள். ஒன்றும் பதிவாகாததால் நிமிர்ந்தாள். கையைப் பார்த்தாள். அவள் கண் கலங்கிவிட்டது. "அய்யோ, தெரியலீங்கண்ணா…"

"அதனால என்ன கண்ணு. பக்கத்து வெரலு சும்மாதான இருக்குது, அவனப் பதிஞ்சுக்க."

நடுவிரலை வைத்தார். மெஷின் ஏற்கவில்லை. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். ஏற்கவில்லை. பின்னால் வரிசை நீண்டது. ஓவர்லாக் டெய்லர், "தலையில தேச்சு வைங்க மாஸ்டர், எண்ணெ பட்டா எடுக்கும்" என்றார். மாப்பிள்ளை விரலைத் தலைமுடியில் தேய்த்து, இந்தத் தடவை நன்றாக அழுத்தி வைத்தார். மெஷின் பச்சை விளக்குக் காட்டியது.

அவர் நகரவில்லை. கண்ணாடியிலிருந்து எடுத்த விரலை முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். அழுத்திய இடம் வெள்ளையாக வெளுத்திருந்தது. வரிசையில் யாரும் அவசரப்படுத்தவில்லை. நானும் அந்த விரல் நுனியையே பார்த்தேன். வெகு மெதுவாக, ஓரத்திலிருந்து, சிவப்புத் திரும்பி வந்தது.

"வருதுங்க மச்சான்" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.